மண் சட்டிக்குப் பேட்டரி உண்டா?

மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்பா சக்கரத்தில் மண்ணை வைத்துச் சுற்றுகிறார். அம்மா சட்டியைத் தட்டிச் சீராக்கி, உலர வைக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

ஒரு நாள் மகள் சொல்கிறாள்:

"அம்மா! எத்தனை நாள்தான் சட்டியை வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டு, யார் வருவார் என்று காத்திருப்பது? செல்போன் வழியாகவே விற்கலாம். சென்னையில் இருப்பவர்கள்கூட வாங்குவார்கள்."

அம்மாவுக்கு மகிழ்ச்சி. மகள் செல்போனை எடுக்கிறாள். இணையக் கடை ஒன்றில் விற்பனையாளராகப் பெயரைப் பதிகிறாள். சட்டியைப் படம் பிடிக்கிறாள். விலையைப் போடுகிறாள். வேலை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில், நீளமாக ஒரு படிவம் வருகிறது.

"அம்மா! இந்தச் சட்டிக்குப் பேட்டரி உண்டா?"

"என்னடி கேட்கிறாய்?"

"நான் கேட்கவில்லை அம்மா. படிவம் கேட்கிறது. பேட்டரி உண்டா? உண்டு என்றால் எத்தனை? ஒவ்வொன்றும் என்ன எடை?"

"மண் சட்டிக்கு ஏதடி பேட்டரி?"

"இன்னும் கேளம்மா. வாங்குகிறவர் பாகங்களை எடுத்துப் பூட்ட வேண்டுமா? எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது? மாடல் நம்பர் என்ன?"

அம்மா சிரிக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. சில கட்டங்களின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. அந்தக் கட்டங்களை நிரப்பாவிட்டால் படிவம் நகராது. படிவம் நகராவிட்டால் சட்டி கடைக்குப் போகாது.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் படிவம் கற்பனை அல்ல. இணையக் கடைகளில் சிறு சரக்கு விற்க முயன்ற பலருக்கும் இந்தக் கதை தெரியும்.

சந்தையில் யாரும் கேட்காத கேள்வி

வாரச் சந்தைக்குச் சட்டி வாங்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்?

எத்தனை படி அரிசி வேகும் என்று கேட்பார்கள். காஸ் அடுப்பில் வைக்கலாமா என்று கேட்பார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'கணீர்' என்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த சட்டி. மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள்.

இவைதாம் சட்டிக்கு உரிய கேள்விகள். சட்டி வாங்க வந்தவர், "இதற்குப் பேட்டரி உண்டா?" என்று கேட்டால், சந்தையே கூடிச் சிரிக்கும். ஆனால் அதே கேள்வியைச் செல்போன் கேட்டால், படித்தவர்கள்கூடப் பயபக்தியோடு பதில் எழுதுகிறார்கள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். அந்த முடிச்சை இன்று படிவங்கள் போடுகின்றன.

சேலைக்குக் கை முழுக்கையா?

சட்டியோடு இது நிற்கவில்லை.

மதுரைச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சிறு சிறு முடிச்சுகள் போட்டு, சாயத்தில் நனைத்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் மலரும். அதுதான் சுங்குடி. இதை ஆடை என்ற வகையில் சேர்த்தால், ஆடைக்கு உரிய எல்லாக் கேள்விகளும் வரிசையாக வந்து நிற்கலாம். கழுத்து எப்படி? வட்டமா, சதுரமா? கை முழுக்கையா, அரைக்கையா? உடம்பைப் பிடிக்குமா, தொளதொளப்பாக இருக்குமா?

சேலைக்கு ஏது கழுத்து? சேலைக்கு ஏது கை?

ஆனால் சேலை வாங்கும் பெண் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. சேலை ஐந்தரை மீட்டர் இருக்கிறதா? ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா? முதல் தண்ணீரில் சாயம் போகுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளிகள் கையால் முடிச்சுப் போட்டு வந்தவையா, வெறும் அச்சா? விலை வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லாவிட்டால், நாள் முழுவதும் முடிச்சுப் போட்டவளின் உழைப்பும், நிமிடத்தில் அச்சடித்த துணியும் ஒரே வரிசையில் நிற்கும்.

மானாமதுரையிலேயே கடமும் செய்கிறார்கள். கச்சேரி மேடையில் வாசிக்கும் கடம். அதை இசைக் கருவி வகையில் சேர்த்தால், "தந்திகள் எத்தனை?" என்று கேள்வி வரலாம். கடத்துக்குத் தந்தி கிடையாது. வித்துவான் கேட்பது, "சுருதி என்ன?" என்பதுதான். தந்திக்குக் கட்டம் இருந்து, சுருதிக்குக் கட்டம் இல்லை என்றால், அந்தப் படிவத்தால் யாருக்கு லாபம்?

பழைய புத்தகக் கதை இன்னும் வேடிக்கையானது. 1955-ல் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஒருவர் விற்க வருகிறார். புத்தகத்துக்கு உரிய சர்வதேச எண்ணை எழுதும்படி படிவம் கேட்கிறது. 'ஐ.எஸ்.பி.என்.' எனப்படும் அந்த எண், சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டதே 1970-ல்தான். பிறப்பதற்கு முன்பே ஒரு புத்தகம் அந்த எண்ணை எங்கே போய் வாங்கும்?

விற்பவர் என்ன செய்கிறார்? பின்னால் வந்த மறுபதிப்பின் எண்ணைத் தேடிப் போட்டு விடுகிறார். வாங்குகிறவர் புதுப் புத்தகம் வரும் என்று காத்திருக்கிறார். வந்து சேருவது ஓரம் பழுத்த பழைய பிரதி. சண்டை தொடங்குகிறது. இத்தனைக்கும் இருவருமே நல்லவர்கள்.

கேள்விகள் எங்கிருந்து வந்தன?

இப்படிப்பட்ட கேள்விகளை யாரோ குறும்புக்காக எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு.

இணையக் கடையில் லட்சக்கணக்கான சரக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனிப் படிவம் எழுத முடியாது. ஆகவே சரக்குகளை வகை வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு வகைக்கு ஒரு படிவம். 'சமையல் பொருட்கள்' என்ற வகையில் மிக்சியும் வரும், மின்சார அடுப்பும் வரும், மண் சட்டியும் வரும். மிக்சிக்காக எழுதிய கேள்வி சட்டியின் தலையிலும் விழுகிறது.

எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் படிவம் எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம், தேடும் வசதி. வாங்குகிறவர் "சிவப்பு நிறம் மட்டும் காட்டு" என்கிறார். கடை உடனே சிவப்பு நிறப் பொருட்களைப் பிரித்துக் காட்டுகிறது. எப்படி? விற்பவர் நிறம் என்ற கட்டத்தில் எழுதியதைப் பார்த்துத்தான். கட்டத்தைக் காலியாக விட்ட சரக்கு அந்தத் தேடலில் தெரியாமலே போய்விடக்கூடும். அதனால் நட்சத்திரம் இல்லாத கட்டத்தைக்கூட விற்பவர் பயந்து பயந்து நிரப்புகிறார்.

மூன்றாவது காரணம், பல கைகள். வரிக் கணக்குப் பார்ப்பவர் ஒரு கேள்வி சேர்க்கிறார். சரக்கு அனுப்புகிறவர் ஒன்று சேர்க்கிறார். வக்கீல் ஒன்று சேர்க்கிறார். விளம்பரம் செய்கிறவர் இரண்டு சேர்க்கிறார். ஒவ்வொருவருக்கும் தம் கேள்வி முக்கியம். சேர்ப்பதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். களைவதற்கு ஒருவரும் இல்லை. களை எடுக்காத வயல் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

விமானத்தில் பிடித்த தீ

பேட்டரிக் கேள்வியையே பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு துயரச் சம்பவம் இருக்கிறது.

2010-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, துபாயிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஒரு சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிய இருவரும் இறந்தார்கள். விசாரணையில், தீ தொடங்கிய சரக்குகளிடையே லித்தியம் பேட்டரிகள் இருந்தது தெரிய வந்தது. அபாயச் சரக்கு என்று அறிவிக்க வேண்டிய பேட்டரிகளில் சில, அப்படி அறிவிக்கப்படாமலே ஏற்றப்பட்டிருந்தன.

ஆகவே, "பேட்டரி உண்டா?" என்று கேட்பது தவறே அல்ல. கேட்டுத்தான் ஆக வேண்டும். பேசும் பொம்மை விற்கிறவரிடம் கேட்க வேண்டும். டார்ச் விளக்கு விற்கிறவரிடம் கேட்க வேண்டும். செல்போன் விற்கிறவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பதிலில் மனித உயிர் அடங்கியிருக்கிறது.

சட்டி விற்கிறவரிடமும், பாய் விற்கிறவரிடமும், கடலை மிட்டாய் விற்கிறவரிடமும் அதே கேள்வியை ஓயாமல் கேட்டால் என்ன ஆகும்? கேள்வியின் மதிப்புப் போய்விடும். கேட்பது வழக்கம், ஏதோ ஒன்றைத் தட்டுவது வழக்கம் என்று ஆகிவிடும். உண்மையாகவே பேட்டரி உள்ள பொருளை ஒருவர் விற்க வரும்போது, அவரும் படித்துப் பார்க்காமல் தட்டிவிட்டுப் போவார்.

புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதைதான் இதுவும்.

சட்டம் கேட்கும் கேள்விகள்

எல்லாக் கேள்வியும் வீண் என்று சொல்ல முடியாது. சட்டமே சில விவரங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

பொட்டலத்தில் விற்கும் பொருளை இணையக் கடையில் வைத்தால், தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை அல்லது அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய இடம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இந்த விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நாட்டில் செய்த பொருள் என்பதைச் சொல்ல வேண்டும் என்று 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளும் கூறுகின்றன.

உணவுப் பண்டம் என்றால், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எத்தனை ருசியானதாக இருந்தாலும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அது ஆபத்து. ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். இந்தக் கேள்விகளைக் குறைக்கச் சொல்வது நியாயம் ஆகாது.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். சட்டம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில்லை.

பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக வந்த உத்தரவு அது. ஆனால் அரசு பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலைக்கும், திண்ணையில் உட்கார்ந்து பொம்மை செய்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு என்பதைச் சட்டம் புரிந்துகொண்டது.

வரி விதியும் அப்படித்தான். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் என்ற வரம்பைத் தாண்டாமல் சரக்கு விற்கும் சிறு வியாபாரிகள், இணையக் கடையில் விற்க வேண்டுமானால் முன்பு ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், அந்தப் பதிவு இல்லாமலே தங்கள் மாநிலத்துக்குள் விற்கலாம் என்று வழி செய்யப்பட்டது. பான் எண்ணைக் கொடுத்து, ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

சட்டம் வளைந்து கொடுக்கிறது. வரி விலகி நிற்கிறது. படிவம் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கலாமா? அரசு திறந்துவிட்ட கதவை ஒரு கட்டமும், ஒரு சிவப்பு நட்சத்திரமும் மூடிவிடலாமா?

பொய் சொல்லப் பழக்குவது யார்?

இதில் பெரிய தீமை எது? நேரம் வீணாவதா? அதுவும் ஒன்று.

ஒரு படிவத்தில் 40 கட்டங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விதமான சட்டிகள். மொத்தம் 800 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் எத்தனை சட்டி செய்திருக்கலாம்!

அதைவிடப் பெரிய தீமை ஒன்று இருக்கிறது. அது பொய்.

பதிலே இல்லாத கேள்வியைக் கேட்டு, பதில் சொன்னால்தான் விடுவேன் என்றால், கேட்கப்பட்டவர் என்ன செய்வார்? எதையாவது எழுதுவார். பேட்டரி எடை என்ற கட்டத்தில் '1' என்று போடுவார். மாடல் நம்பர் என்ற கட்டத்தில் வீட்டுக் கதவு எண்ணைப் போடுவார். எந்தப் பொருளால் செய்தது என்ற பட்டியலில் பிளாஸ்டிக், எஃகு, கண்ணாடி, பீங்கான் ஆகியவை மட்டும் இருந்து, மண் இல்லை என்றால், பீங்கான் என்று போடுவார். வேறு வழி?

அவர் பொய்யர் அல்ல. மண்ணைப் பிசைந்து நேர்மையாகப் பிழைக்கிறவர். அவரைப் பொய் எழுதப் பழக்கியது படிவம்.

முதல் நாள் எழுதும்போது மனசு உறுத்தும். பத்தாவது நாள் உறுத்தாது. பழகிப் போகும். அந்தப் பழக்கம் பேட்டரிக் கட்டத்தோடு நிற்குமா? எந்த மாதம் கெட்டுப் போகும் என்ற கட்டத்துக்கும் போகும். எந்த நாட்டில் செய்தது என்ற கட்டத்துக்கும் போகும். "எல்லாம் சும்மா கேட்பதுதானே!" என்ற எண்ணம் வந்துவிட்டால், எந்தக் கட்டத்தை நம்புவது?

வயதுக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மையில் சிறிய பாகம் இருந்தால், கைக்குழந்தை அதை வாயில் போட்டுக்கொள்ளும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று கேட்கிறார்கள். மிகத் தேவையான கேள்வி. அதையே பாய்க்கும், சட்டிக்கும், துடைப்பத்துக்கும் கேட்டால், எல்லோரும் "எல்லா வயதினரும்" என்று தட்டிவிட்டுப் போவார்கள். நாளை ஒரு தாய் தன் எட்டு மாதக் குழந்தைக்குப் பொம்மை வாங்கச் செல்போனைத் திறக்கிறாள். அங்கேயும் "எல்லா வயதினரும்" என்று இருக்கிறது. அவள் அதை நம்பலாமா?

யாருக்கு நஷ்டம்?

பெரிய கம்பெனிகளுக்கு இதனால் பெரிய கஷ்டம் இல்லை. படிவம் நிரப்பவே அவர்களிடம் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள்.

கஷ்டம், கூடை முடைகிறவருக்கு. பாய் நெய்கிறவருக்கு. ஊறுகாய் போட்டு விற்கும் மகளிர் குழுவுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்களுக்கு அந்தப் படிவம் மலையாகத் தெரிகிறது. "நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். கேள்வி தவறாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சிலர் இன்டர்நெட் சென்டரில் காசு கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பிக் கொடுப்பவருக்குச் சட்டியும் தெரியாது, சுங்குடியும் தெரியாது. அவர் வாய்க்கு வந்ததை நிரப்புகிறார்.

அந்தப் பொய் விவரத்தை நம்பி ஒருவர் வாங்குகிறார். பீங்கான் என்று நினைத்து மண் சட்டியை வாங்கியவர், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று திருப்பி அனுப்புகிறார். போகும்போது ஒரு கூலி, வரும்போது ஒரு கூலி. வழியில் சட்டி உடைந்தால் அதுவும் போயிற்று. மோசமான வியாபாரி என்ற பெயர் வேறு.

வாங்குகிறவருக்கும் நஷ்டம்தான். முப்பது வரி விவரம் இருக்கிறது. அதில் இருபது வரி உதவாதது. தேவையான பத்து வரியும் அந்தக் குப்பைக்குள் புதைந்து கிடக்கிறது. கடைசியில் அவர் எதையும் படிக்காமல் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குகிறார்.

இணையக் கடைக்கும் நஷ்டம்தான். பொய் விவரம் சேரச் சேர, தேடும் வசதி கெடுகிறது. திரும்பி வரும் சரக்கு பெருகுகிறது. வாடிக்கையாளர் நம்பிக்கை குறைகிறது. நம்பிக்கை போன பின் கடைக்குப் பெயர்ப் பலகை மட்டும்தான் மிச்சம்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. சில எளிய காரியங்கள் போதும்.

1. பொருள் என்ன என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பிறகு, அதற்குப் பொருந்தும் கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். "மின்சாரத்தில் இயங்குமா?" என்ற ஒரு கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்துவிட்டால், பேட்டரி, வாட், வோல்ட் பற்றிய கேள்விகள் எல்லாம் தாமாக விலகிக்கொள்ள வேண்டும்.

2. சட்டம் கட்டாயமாக்காத ஒவ்வொரு கேள்விக்கும் "இந்தப் பொருளுக்குப் பொருந்தாது" என்ற பதிலும் இருக்க வேண்டும். அப்படிச் சொன்ன சரக்கைத் தேடலில் ஒளித்து வைக்கக் கூடாது.

3. கேள்வியின் கீழே, ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். "விமானத்தில் அனுப்பினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டா என்று அறிய" என்று ஒரு வரி இருந்தால், பேட்டரிக் கேள்விக்கு யாரும் விளையாட்டாகப் பதில் எழுத மாட்டார்கள்.

4. விற்பவர் பேசும் மொழியில் கேட்க வேண்டும். மொழிபெயர்த்த தமிழ் அல்ல, பேசினால் புரியும் தமிழ். 'பாகங்களை ஒருங்கிணைத்தல் தேவைப்படும் நிலை' என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. 'வீட்டில் பூட்ட வேண்டுமா?' என்று கேட்டால் பாட்டிக்கும் விளங்கும்.

5. "இந்தக் கேள்வி தவறு" என்று விற்பவர் சொல்வதற்கு ஒரு பொத்தான் வேண்டும். நூறு சட்டி வியாபாரிகள் அந்தப் பொத்தானை அழுத்தினால், அந்தக் கேள்வியைச் சட்டிப் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

6. கேள்வி சேர்ப்பதற்கு ஆள் இருப்பது போல், கேள்வியைக் களைவதற்கும் ஆள் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது களை எடுக்க வேண்டும். அப்போது சுருதி, முடிச்சு போன்ற உண்மையான கேள்விகளுக்கும் இடம் கிடைக்கும்.

விற்பவரும் வாங்குபவரும்

கடைக்காரர்களை மட்டும் குறை சொன்னால் போதாது. மற்றவர்களுக்கும் பங்கு உண்டு.

விற்பவர் முதலில் சரியான வகையைத் தேட வேண்டும். அவசரத்தில் தவறான வகையைத் தட்டுவதாலும் பொருந்தாத கேள்விகள் வருகின்றன. பொருளைப் பற்றித் தம் சொல்லில் எழுத ஓர் இடம் பெரும்பாலும் இருக்கும். அங்கே உண்மையைப் பச்சையாக எழுத வேண்டும். "இது மண் சட்டி. பூச்சு இல்லை. இரண்டு லிட்டர் பிடிக்கும். புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிட்டுச் சமையுங்கள்" என்று நான்கு வரி எழுதினால், நாற்பது கட்டங்கள் செய்யாத வேலையை அது செய்யும். உணவு, குழந்தை, நெருப்பு, மின்சாரம் ஆகியவை பற்றிய கட்டங்களில் மட்டும், எத்தனை அவசரமானாலும், பொய் எழுதவே கூடாது.

வாங்குகிறவரும் ஒரு நிமிடம் நின்று, விற்பவர் எழுதியதைப் படிக்க வேண்டும். சட்டியின் பக்கத்தில் "பேட்டரி எடை 1" என்று இருந்தால் கோபப்பட வேண்டாம். அதை எழுதியவர் உங்களை ஏமாற்ற எழுதவில்லை. கதவைத் திறக்க வேறு சாவி கிடைக்காமல் எழுதியிருப்பார்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், ஒரு காரியம் செய்யலாம். அக்கம் பக்கத்தில் கைத்தொழில் செய்து விற்கிறவர்களுக்கு, விடுமுறை நாளில் அரை மணி நேரம் உட்கார்ந்து படிவத்தைப் படித்துக் காட்டலாம். பெரியவர்கள் பதிலைச் சொல்ல, பிள்ளைகள் நிரப்பலாம். நிரப்பும்போது, "இந்தக் கேள்வி நம் சரக்குக்கு இல்லை" என்று எடுத்துச் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை, படிக்காத குறைதான் காரணமோ என்று குன்றிப் போயிருப்பவருக்குப் பெரிய தெம்பு.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் மண்ணுக்கும், அந்த ஊர்க் கைக்கும் கிடைத்த மரியாதை அது. அந்த மரியாதை செல்போன் திரையிலும் கிடைக்க வேண்டும்.

அம்மா சட்டியைத் தட்டிப் பார்த்து, "கணீரென்று இருக்கிறது" என்கிறார். மகள் அதை எழுதக் கட்டம் தேடுகிறாள்.

அந்தக் கட்டத்தை முதலில் போடுங்கள். பேட்டரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.